நீலக் கல்லும் சிவப்புக் கல்லும்

எங்கள் பக்கத்துக் கடற்கரையில் காலாற நடக்க யாரும் வருவதில்லை. கீரிமலைக் கேணியில் முழுகிவிட்டு, அழகு பார்க்கக் கரையோரமாக மேற்கே புறப்படுகிற கொழும்புக்காரர்களைக் கண்டிருக்கிறேன். முதலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுப்பார்கள். கொஞ்சத் தூரத்தில் திரும்பக் காலில் போடுவார்கள். பிறகு கூட்டிக்கொண்டு வந்தவரைத் திட்டியபடி வந்த வழியே போவார்கள். இங்கே மணல் இல்லை, கல்தான். தேங்காயளவு கல், பூசணிக்காயளவு கல், மாட்டுவண்டியளவு கல். எல்லாம் ஒருகாலத்தில் பவளமாகவும் சிப்பியாகவும் உயிரோடு இருந்து, செத்து இறுகியவை. செத்தும் கோபம் தீரவில்லை. ஒவ்வொரு கல்லிலும் ஆயிரம் துளை, ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் ஒரு சவர அலகு.

அங்கே குடியிருக்கிறவர்களும் அதே குணம்தான். தண்ணீர் தேங்கிய குழிகளில் கறுப்பு முள்ளிகள், ஊசி குத்தி வைத்த பந்துகளைப்போல. இடுக்குகளில் அஞ்சாலை. பாம்பின் உடம்பும் நாயின் பல்லும் கொண்ட மீன் அது. வாயைத் திறப்பதும் மூடுவதுமாக, வீட்டைக் காலிபண்ணச் சொல்லி வந்தவனைப் பார்ப்பதுபோல நம்மைப் பார்க்கும். தட்டை நண்டுகள் கல்லோடு கல்லாக ஒட்டியிருந்துவிட்டு, கை வைக்கும்போதுதான் தாங்கள் கல் இல்லை என்று அறிவிக்கும். விரலளவில் ஒரு மீன் உண்டு. தண்ணீரைவிட்டுக் கல்லின்மேல் ஏறிக் குந்தியிருக்கும், ஆள் நிழல் பட்டால் ஒரு குழியிலிருந்து மறு குழிக்குத் தாவும். தண்ணீரிலும் நிம்மதியில்லை, தரையிலும் நிம்மதியில்லை. அதன்மேல் மட்டும் எனக்குக் கொஞ்சம் சொந்தம் உண்டு. இவ்வளவுக்கும் மேலே சாதாளை. கடல் கொண்டுவந்து ஒதுக்குகிற பாசிதான், வெயிலில் அழுகினால் ஊரையே எழுப்பும்.

இந்தக் கரையில்தான் என் மனைவிக்குச் சீதனக் காணி.

மனைவியும் அவளுடைய அக்காவும் பிறந்த வீடு அங்கேதான் இருந்தது. அவள் பள்ளிக்கூடச் சட்டை போடுகிற வயதில் சண்டை வந்து எல்லோரும் எழும்பி ஓடினார்கள். பிறகு பல வருடங்கள் அந்த இடம் முட்கம்பிக்கு அப்பால் கிடந்தது. இராணுவம் விட்டபிறகு போய்ப் பார்த்தோம். வீடு நின்ற இடத்தில் எருக்கலை நின்றது. மாமனார் உயிரோடு இருந்தபோதே காணியை இரண்டாகப் பிரித்து, கிழக்குப் பாதி இளைய மகளுக்கு, மேற்குப் பாதி மூத்த மகளுக்கு என்று சொல்லிவைத்திருந்தார். தெருவோரத்து வேம்பிலிருந்து கரையிலுள்ள ஆனைக்கல் வரைக்கும் நேர்கோடு, அதுதான் எல்லை. வேம்பைத் தறித்துவிட்டார்கள், அடிக்கட்டை மிச்சம். ஆனைக்கல் அப்படியே நின்றது. மாட்டுவண்டியைவிடப் பெரிய பாறை. அலை அடித்தடித்து அடிப்பக்கம் ஒடுங்கி, தலை பெருத்து, பக்கவாட்டில் பார்த்தால் யானை. முன்னால் பார்த்தால் என் சகலன்.

சகலன் என்றது மனைவியின் அக்கா புருசனை. மூத்தவர் என்றபடியால் அண்ணை என்று கூப்பிடுவேன். வீடு வீடாகப் போய் மின்சார மீற்றர் வாசித்து ஓய்வு பெற்றவர். அடுத்தவன் வளவுக்குள் தலையை நீட்டுவதற்கு மாதச் சம்பளம் வாங்கிய மனுசன். நான் வரலாறு படிப்பிக்கிறவன். எல்லைத் தகராறுகளால் அழிந்த இராச்சியங்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்திவிட்டு, பின்னேரம் மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டு எல்லைத் தகராறுக்குப் போகிறவன். பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரையும் எழுதுகிறேன். நகைச்சுவை என்று சொல்வது நான்தான்.

என் மனைவிக்கு அந்தக் காணியில் ஒரு வீடு வேண்டும். அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அதுதான்.

"உங்களுக்குக் கடல் பிடிக்காது, தெரியும். எனக்கும் குளிக்க வேண்டாம், பாக்க வேண்டாம். காலமை கதவைத் திறந்தால் சத்தம் கேக்கவேணும். அவ்வளவுதான்" என்றாள்.

கடலுக்கு மிக அருகில் கட்ட அனுமதி இல்லை. அந்தத் தூரத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் தெருவுக்கு இந்தப்புறம் ஒரு துண்டு நிலம் மிஞ்சும், அதுவும் ஒடுக்கம். ஆனைக்கல்லின் மேற்கு விளிம்பை எல்லையாகப் பிடித்தால் எங்கள் பாதியில் சின்ன வீடு ஒன்று அடங்கும். கிழக்கு விளிம்பைப் பிடித்தால் அடங்காது, கோழிக்கூடுதான் கட்டலாம். அண்ணையின் கணக்கும் அதுவேதான், திசை மட்டும் மறுபக்கம். எந்த விளிம்பு என்று மாமனார் சொல்லவில்லை. "ஆனைக்கல்லோடை எல்லை" என்றாராம். மரியாதையான மனுசருக்கு அது போதும் என்று நினைத்திருப்பார். மருமக்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். மற்றவர்கள் நிலத்தைச் சண்டை பிடித்து எடுப்பார்கள். நாங்கள் வேலி அடைத்து எடுப்போம். கிளுவையோ பூவரசோ முள்முருக்கோ தடி வெட்டிக் கதியாலாக நட்டு, கிடுகு வைத்துக் கட்டுகிற வேலி. மழைக்கு முன் அதைப் பிரித்துத் திரும்ப அடைக்கவேண்டும். அடைக்கும்போது உக்கிப்போன கதியாலைப் பிடுங்கிப் புதியது நடுகிறவன், பழைய குழியில் நடமாட்டான். ஒரு விரல் தள்ளி நடுவான். கதியால் வேர் பிடிக்கும், இலை விடும், சாட்சி சொல்லும். இதற்கு வேலி அரக்குதல் என்று பெயர். எங்கள் அப்பா அரக்கியிருக்கிறார். அயலவர் எங்களிடம் அரக்கியிருக்கிறார். ஒரு தலைமுறையில் போனது மறு தலைமுறையில் திரும்பி வரும். அதனால் எல்லை அசைந்தால் யாழ்ப்பாணத்தான் வானத்தையும் பார்க்கமாட்டான், கடலையும் பார்க்கமாட்டான். பக்கத்து வளவைத்தான் பார்ப்பான்.

கல்லுக்குள் கதியால் நட முடியாது. எனவே வேம்பின் அடிக்கட்டையிலிருந்து ஆனைக்கல்லின் மேற்கு விளிம்புவரை கல் அடுக்கினேன். முதுகு பிடித்தது. முழங்கை கிழிந்தது. அடுத்த முறை போனபோது, கரைக்குக் கிட்டவாக இருந்த கற்கள் கிழக்கே நகர்ந்திருந்தன. என் பக்கத்துக்குள். எனக்கு அதிர்ச்சி இல்லை. எதிர்பார்த்த விருந்தாளி வந்ததுபோல இருந்தது. அண்ணை அரக்கிவிட்டார்.

திருப்பி அடுக்கினேன். அப்போதுதான் ஆள்காட்டி வந்தது.

ஆள்காட்டிக் குருவியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மஞ்சள் காலும் கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதையுமாக, பொலிஸ்காரரின் நடை. கல்லுக்குள் கல்லைப்போலவே முட்டை இட்டுவிட்டு, அந்தப் பக்கம் போகிறவனை எல்லாம் கள்ளன் என்று ஊருக்கு அறிவிக்கிற பறவை. கூடு கட்டுகிற சிரமத்தை வைத்துக்கொள்ளாது. நாலு சின்னக் கல்லைக் கூட்டிவைத்தால் வீடு. அனுமதியும் கேட்பதில்லை. அது என் எல்லைக்கோட்டிலேயே முட்டை இட்டிருந்தது. நான் குனிந்தால் தலையை நோக்கி இறங்கியது. நிமிர்ந்தால் மேலே நின்று கத்தியது. அந்தக் கத்தலைக் கேட்டு மேற்குப் பாதியிலிருந்த தகரக் கொட்டிலுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்க்கும், அதன் பின்னால் அண்ணையும் வெளியே வந்தார்கள்.

"என்ன காணும், மத்தியான வெயிலுக்குள்ளை உடற்பயிற்சியோ?"

"கல்லு அசைஞ்சிருக்கு அண்ணை. நேராக்கிறன்."

"அசைஞ்சதோ? ஓமோம். கல்லுக்குக் கால் இருக்குத்தானே."

"கால் இல்லை. கை இருந்திருக்கு."

"அதைத்தான் நானும் யோசிச்சனான். முந்தநாள் வந்து பாத்தன், என்ரை பக்கத்திலை ஒரு பாகம் உள்ளுக்கு வந்து கிடந்தது. உந்தக் குருவிக்குக்கூடத் தெரியுது ஆர் கள்ளன் எண்டு. என்னைக் கண்டால் அது கத்திறேல்லை."

அந்த நேரம் பார்த்துக் குருவி அவருடைய தலையை நோக்கி இறங்கியது. அவர் பிளாஸ்க்கைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கொட்டிலுக்குள் ஓடினார். அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சிகளில் அது பெரியது.

வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கியதும் கற்கள் மேற்கே நகரத் தொடங்கின. என் நிலம் பெருத்தது. இதைப் பற்றி நான் எந்த முறைப்பாடும் செய்யவில்லை. அண்ணைக்கு மனச்சாட்சி குத்தி எடுத்ததைத் திருப்பித் தருகிறார் என்று நினைத்தேன். அவரோ கொட்டிலுக்குள் இருந்தபடியே ஊருக்கெல்லாம் தொலைபேசி எடுத்து, படிப்பிச்ச வாத்தி கல்லுக் களவெடுக்கிறான் என்று சொல்லியிருக்கிறார். இந்தச் செய்தி என் மனைவிக்கு அவள் அக்கா வழியாகவே வந்தது. அன்றோடு சகோதரிகள் இருவரும் கதைப்பதை விட்டார்கள்.

"உங்களாலை எனக்கு வீடும் இல்லை, அக்காவும் இல்லை" என்றாள் மனைவி. சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்த விதத்தில் அது முடிவான பேச்சு என்று தெரிந்தது.

அதனால்தான் பெயின்ற் வாங்கினேன் என்று சொன்னால் பொய். எங்கள் வாசல் படலைக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ற் வீட்டில் கிடந்தது. ஒவ்வொரு கல்லாக நீலம் அடித்தேன். இனி எந்தக் கல் எங்கே போனாலும் கண்டுபிடிக்கலாம். வரலாறு படித்தவனுக்கு ஆதாரம் முக்கியம். அடுத்த கிழமை பார்த்தால், பக்கத்திலேயே சிவப்புக் கற்களால் ஒரு வரிசை. அண்ணைக்கும் மிச்சப் பெயின்ற் இருந்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ கட்சி ஊர்வலத்துக்கு ஆயத்தம் செய்ததுபோல இருந்தது. ஒரு நாரை நீலக் கல்லில் ஒரு காலும் சிவப்புக் கல்லில் மறு காலுமாக நின்று மீன் பார்த்தது. அந்தக் கரையில் நடுநிலை வகித்த ஒரே ஆள் அதுதான்.

நீலக் கல் ஒன்றைத் தேடிக் குழிக்குள் கை விட்டபோது முள்ளி குத்தியது. விரலுக்குள் முறிந்த முள்ளோடு நான் துள்ளுவதைக் கண்டு, பக்கத்தில் வள்ளம் இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

"மாஸ்டர், எல்லையையோ தேடுறியள்?" என்றான் ஒருவன்.

"ஓம் தம்பி. ஒரு நீலக் கல்லு."

"உங்கடை எல்லை எங்கடை வள்ளத்துக்குள்ளை கிடக்கு. நங்கூரத்துக்கு நல்ல பாரம். வேணுமெண்டால் எடுத்துக்கொண்டு போங்கோ."

"அதை ஆர் அங்கை கொண்டுவந்து போட்டது?"

"எங்களைக் கேட்டால்? கரையிலை கிடந்தது. சிவப்பும் ஒண்டு கிடக்கு, அதுவும் உங்கடையோ?"

இரண்டு நிறமும் ஒரே வள்ளத்தில். அந்த இடத்திலாவது எனக்கு விளங்கியிருக்கவேண்டும். ஆனால் வலிக்கிற விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டு நான் எடுத்த முடிவு வேறு: அண்ணை மகா கெட்டிக்காரன். சந்தேகம் வராமலிருக்கத் தன் கல்லையும் சேர்த்துத் தூக்கிப் போட்டிருக்கிறான். அன்றிரவு மனைவி முள் கரையட்டும் என்று புளித் தேசிக்காயைச் சுடவைத்து விரலில் பிடித்தாள், தேவைக்கு அதிகமாகவே சுடவைத்து.

நாங்கள் இரண்டு குடும்பமும் மிசன் காலத்திலிருந்தே வேதக்காரர். ஒரே கோயில், ஒரே ஆராதனை. அதில் ஒரு கட்டத்தில் அருகிலிருப்பவருக்குக் கைகொடுத்துச் சமாதானம் சொல்லவேண்டும். நாங்கள் தூரத் தூரத்தான் இருப்போம். ஆனால் போதகர் விசயம் தெரிந்தவர். அந்த ஞாயிறு கன்மலையைப் பற்றிப் பிரசங்கித்துவிட்டு, எல்லோரும் எழும்பிப் போய்ச் சமாதானம் சொல்லுங்கள் என்றார். தப்ப வழியில்லை. அண்ணை இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். முகத்தில் பரலோகப் புன்னகை.

"சமாதானம், தம்பி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மற்றக் கல்லையும் திருப்பி வையும்."

"சமாதானம், அண்ணை. களவெடுத்தவர் முதலிலை வைக்கட்டும்."

முள்ளி குத்திய விரலைத் தேடிப்பிடித்து நெரித்தார். சுற்றி நின்றவர்கள் கண்கலங்கினார்கள். நானும்தான்.

கார்த்திகையில் மழை பிடித்தது. வழக்கமான மழை இல்லை. நாட்கணக்காகக் காற்று, தெருவெல்லாம் வெள்ளம். வட்டுக்கோட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குள் தவளை வந்தது. மழை விட்ட காலையிலேயே நான் கரைக்குப் போனேன். மோட்டார்சைக்கிளைத் தெருவில் நிறுத்திவிட்டு வடக்கே கரையைப் பார்த்தேன். ஆனைக்கல் இல்லை.

ஆனைக்கல் நின்ற இடத்தில் வானம் நின்றது.

எனக்கு முதலில் வந்த எண்ணத்தை அப்படியே எழுதுகிறேன். வேறு யாராவது எழுதியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். 'அண்ணை கொண்டுபோய்விட்டான்.' முதுகெலும்புத் தட்டு விலகி, வாளித் தண்ணீர் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொன்ன மனுசன், யானையளவு பாறையைப் புயலுக்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று என் மூளை முடிவு கட்டியது. கோபத்தோடு கல்லுக்குமேல் கல்லாகத் தாவி இறங்கினேன். எதிர்ப்பக்கத்திலிருந்து அண்ணையும் அதே வேகத்தில் இறங்கி வந்தார். கொட்டில் தகரம் ஒன்றைக் கையில் பிடித்திருந்தார், கேடயம்போல.

"எங்கை காணும் வைச்சிருக்கிறீர்?" என்று தூரத்திலேயே கத்தினார்.

"எதை?"

"ஆனைக்கல்லை!"

"நான் உங்களைக் கேக்க வந்தனான்!"

"உமக்கு டிராக்டர்காரன் ஒருத்தன் பழக்கம்தானே! அவனைக் கொண்டு இழுப்பிச்சனீர்!"

"இந்த வெள்ளத்துக்குள்ளையோ? மீற்றர் வாசிச்ச மூளை அண்ணை உங்களுக்கு. சுத்தினால் ஒரு பக்கம்தான் சுத்தும்!"

இதற்குள் இருவரும் நேருக்குநேர் வந்துவிட்டோம். எங்களுக்கு நடுவில், ஈரக் கற்களின்மேல், என்னுடைய நீலக் கல் ஒன்று கிடந்தது. பெயின்ற் பாதி உரிந்திருந்தது. அவர் அதைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அலை ஒன்று வந்தது. பெரிய அலைகூட இல்லை. எங்கள் முழங்கால்வரை நனைத்துவிட்டுத் திரும்பியது. திரும்பும்போது கரை முழுவதும் பல்லைக் கடிப்பதுபோலக் கடகடவென்று சத்தம் கேட்டது. கற்கள் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு உருண்டன. அந்தச் சத்தத்தோடு நீலக் கல்லும் புரண்டு, இன்னொருமுறை புரண்டு, அண்ணையின் காலைத் தாண்டி அவர் பக்கத்துக்குள் போய் நின்றது. அடுத்த அலை ஒரு சிவப்புக் கல்லைக் கொண்டுவந்து கூட வைத்தது.

இருவரும் பார்த்தோம். இருவரும் பார்த்ததை இருவரும் பார்த்தோம்.

"கண்டீரோ?" என்றார் அண்ணை.

"எதை?"

"ஒண்டுமில்லை."

"நானும் ஒண்டும் காணேல்லை."

அதற்குப் பிறகுதான் ஆனைக்கல்லைக் கண்டோம். அது எங்கேயும் போகவில்லை. அலை அரித்த கழுத்து முறிந்து, தலை கவிழ்ந்து, இரண்டாகப் பிளந்து தண்ணீருக்குள் கிடந்தது. ஒரு துண்டு என் பக்கம், ஒரு துண்டு அவர் பக்கம். தட்டை நண்டுகள் அதற்குள் குடிபுகுந்துவிட்டன, அரைவாசி ஈரம்கூடக் காயாத உடைவில். அண்ணை அதைவிட முக்கியமானதைக் கவனித்தார். திரும்பித் தெருப்பக்கம் பார்த்தபடி நின்றார். நானும் திரும்பினேன். அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் நின்ற மேட்டைக் காணவில்லை. கடல் தின்றிருந்தது. கரை உள்ளே வந்தால், வீட்டுக்கு விடவேண்டிய தூரமும் உள்ளே வரும். எங்கள் இருவருடைய பாதியிலும் இனி வீடு அடங்காது. மேற்கு விளிம்பைப் பிடித்தாலும் அடங்காது, கிழக்கு விளிம்பைப் பிடித்தாலும் அடங்காது.

நான் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. சேலை மாற்றிக்கொண்டு வந்து, "கொண்டுபோய்க் காட்டுங்கோ" என்றாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வேம்பின் அடிக்கட்டையில் அவள் அக்கா முன்பே வந்து உட்கார்ந்திருந்தா. மழைக்குக் கட்டையின் பக்கத்தில் தளிர் விட்டிருந்தது. என் மனைவி போய்க் கட்டையின் மற்றப் பாதியில் இருந்தாள். கடல் கற்களை உருட்டிக்கொண்டிருந்தது.

"தெருவோரமா எவ்வளவு மிச்சமிருக்கு அக்கா?"

"உன்ரை துண்டிலை ஒண்டும் ஏலாது. என்ரையிலையும் ஏலாது."

"ரெண்டையும் சேத்தால்?"

அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தா. சகலன்மார் இருவரும் எதிரெதிர்த் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உதுகள் ரெண்டும் ஒரு கூரைக்குக் கீழையோ? ஆளையாள் கொன்றுபோடுங்கள்."

"கொல்லட்டும். எங்களுக்கு வீடு வரும்."

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கொடியைக் கடல் தின்றுவிட்டது. மிடுக்கு அந்தக் கட்டையில் உட்கார்ந்திருந்தது. எங்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

வீடு கட்டினோம். தெருவை ஒட்டி, இரண்டு காணிக்கும் குறுக்காக, ஒரே கூரை. கட்டும்போது இறக்கிய சல்லிக்கல் குவியலின்மேல் ஆள்காட்டி முட்டை இட்டது. குஞ்சு நடக்கும்வரை சல்லியில் கை வைக்கக்கூடாது என்று சகோதரிகள் உத்தரவு போட்டார்கள். அத்தனை நாளும் குருவி எங்கள் இருவரையும் பாரபட்சமில்லாமல் விரட்டியது. கிழக்கு அறைகள் எங்களுடையவை, மேற்கு அறைகள் அவர்களுடையவை. பெயின்ற் மிச்சம் இருந்தபடியால் எங்கள் கதவு நீலம், அவர்கள் கதவு சிவப்பு. நடுவில் பொது விறாந்தை. மாமனார் சொன்ன எல்லை அதன் நடுவால்தான் போகிறது.

என் மனைவி காலையில் கதவைத் திறக்கிறாள். சத்தம் கேட்கிறது. கற்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்கிற சத்தம். அவள் கொஞ்சநேரம் நின்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணீர் வைக்கப் போகிறாள். நான் அந்தக் கரைக்கு இப்போது இறங்குவதில்லை. அதை நான் மன்னிக்கவில்லை. அதற்கும் என்னைப் பிடிக்கும் என்று தோன்றவில்லை.

விறாந்தையில் அண்ணையின் சாய்மனைக் கதிரை இருக்கிறது. ஒவ்வொரு நாளும் காலையில் அவர் அதில் வந்து உட்கார்ந்து பத்திரிகையை விரிக்கிறார். நான் என் கதிரையில் இருந்தபடி நிலத்துச் சீமெந்தில் விழுந்த வெடிப்பு ஒன்றை அடையாளமாக வைத்துப் பார்க்கிறேன். கதிரை ஒரு விரல் கிழக்கே வந்திருக்கிறது. நேற்றும் ஒரு விரல். விறாந்தைக்குள் அலை வருவதில்லை. இதற்கு அவர் கடலின்மேல் பழியைச் சாட்டவே முடியாது.

நாளைக்கு அவர் குளிக்கப் போகும் நேரத்தில் என்னுடையதை இரண்டு விரல் மேற்கே வைப்பேன்.